கூட்டில் குஞ்சு தவிக்கும்போது கேமரா வைத்தவர்கள் ஏறி உதவ வேண்டுமா?

கூடுநோக்கி

2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரிப் பக்கம் ஜாக்கி, ஷேடோ என்ற வெண்தலைக் கழுகு இணையின் கூட்டில் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. அதற்கு முந்தைய ஆண்டும் மூன்று முட்டைகள்தான், ஒன்றுகூடப் பொரியவில்லை. 2024 பிப்ரவரிப் பனிப்புயலில் ஜாக்கி இரண்டு முழு நாளுக்கும் மேலாகக் கூட்டை விட்டு நகராமல், முதுகெல்லாம் பனி மூட, அந்த முட்டைகள்மேல் படுத்திருந்தாள். அதைக் கூட்டருகே வைத்த கேமராவின் நேரலையில் பார்த்தவர்களுக்கு அடுத்த ஆண்டின் மூன்று குஞ்சுகள் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பொரிந்து இரண்டு வாரம் ஆவதற்குள் இன்னொரு புயல். அது ஓய்ந்தபோது இரண்டு குஞ்சுகள்தான் தலை தூக்கின. அந்த இரண்டும் பின்னர் சன்னி, கிஸ்மோ என்று பெயர் பெற்று, வளர்ந்து, ஜூனில் பறந்தன. ஒன்று போய்விட்டது.

புயல் நேரத்தில் நேரலைக்குக் கீழே வந்த கருத்துகளைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். "ஏன் யாரும் ஏறவில்லை?", "ஒரு கூரையாவது போட்டிருக்கக் கூடாதா?", "பார்த்துக்கொண்டே சாகவிடுவதற்கா கேமரா?" இந்தக் கேள்விகள் பிக் பேரோடு நிற்பதில்லை. ஒவ்வொரு பருவத்திலும், ஏதோ ஒரு கூட்டில், ஏதோ ஒரு கடைசிக் குஞ்சுக்காக இதே கேள்விகள் எழுகின்றன.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர், பசி, உடன்பிறந்த குஞ்சின் கொத்து, காக்கை, ஆந்தை என்று காட்டில் நடப்பது கூட்டில் நடந்தால் மனிதர் கை வைக்கக் கூடாது. கேமராவையும் அணைக்கக் கூடாது. மனிதரால் வந்த கேடு என்றால் அது தனிக் கணக்கு, அங்கே இறங்கத்தான் வேண்டும். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதைப் பேசத்தான் இந்த இழை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

இரவுப்பார்வை

எனக்கு மாற்றுக் கருத்துதான், கூடுநோக்கி.

காட்டின் நடுவே யாரும் பார்க்காமல் ஒரு குஞ்சு இறந்தால் அது இயற்கை. ஆனால் நாம் அங்கே கம்பி இழுத்து, மைக் வைத்து, சூரியத் தகடு பொருத்தி, பல்லாயிரம் பேரைக் கூட்டி உட்கார வைத்திருக்கிறோம். முட்டை இட்ட நாளைக் குறித்து வைக்கிறோம். பெயர் வைக்கக் குழந்தைகளிடம் வாக்குக் கேட்கிறோம். இவ்வளவும் செய்துவிட்டு, கஷ்டம் வரும்போது மட்டும் "நாங்கள் வெறும் பார்வையாளர்கள்" என்பது எனக்கு ஒப்பவில்லை.

பள்ளிகளில் வகுப்பறைத் திரையில் இதை ஓடவிடுகிறார்கள். 2016ல் பிட்ஸ்பர்க் பக்கம் ஹேய்ஸ் கூட்டில் கழுகு ஒரு பூனையைக் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு ஊட்டியது நேரலையில் போனது. அது இரை, புரிந்துகொள்ளலாம். ஆனால் ஒரு குஞ்சு இரண்டு நாள் பட்டினி கிடந்து துவள்வதை மணிக்கணக்கில் காட்டுவதால் யாருக்கு என்ன பயன்? ஏற முடியாது என்றால் அணைத்தாவது வைக்கலாமே.

பழையகிளை

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிக் குஞ்சு ஏன் எப்போதும் பின்தங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. பலர் அதைத் தாயின் கவனக்குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வெண்தலைக் கழுகு ஒன்று முதல் மூன்று முட்டை இடும், ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு மூன்று நாள் இடைவெளி விடும். முதல் முட்டை விழுந்ததுமே அடைகாக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் சுமார் 35 நாள். ஆகவே பொரிப்பதும் முன்பின்னாகத்தான். பிக் பேரில் 2025ல் முதல் இரண்டு குஞ்சுகள் அடுத்தடுத்த நாள் வந்தன, மூன்றாவது நான்கு நாள் கழித்து வந்தது. அந்த வயதில் நான்கு நாள் என்பது பெரிய வித்தியாசம். மூத்தது கழுத்தை நீட்டி இரை வாங்கும்போது இளையது தலையைத் தூக்கவே தள்ளாடும்.

பொரி வல்லூறு இப்படிச் செய்வதில்லை. மூன்று நான்கு முட்டை இட்டாலும், கடைசிக்கு முந்தைய முட்டை வரும்வரை முழுமூச்சாக அடைகாக்காது. அதனால் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரிந்து, ஒரே அளவில் வளரும். வல்லூறுக் கூட்டில் நாம் பார்க்கும் அமைதிக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மறுமுனையில் ஆப்பிரிக்காவின் வெரோ கருங்கழுகு. இரண்டு முட்டை இடும், இரண்டும் பொரியும், மூத்தது இளையதைக் கொத்தியே கொன்றுவிடும். எப்போதாவது நடப்பதில்லை இது, ஏறக்குறைய எல்லாக் கூட்டிலும் நடப்பது. ஜிம்பாப்வேயின் மடோபோ குன்றுகளில் இந்தக் கழுகை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த வேலரி கார்கெட், ஒரு கூட்டில் மூத்த குஞ்சு இளையதை மூன்று நாளில் 1,569 முறை கொத்தியதை எண்ணிப் பதிவு செய்தார். கூட்டில் இரை இல்லாததால் நடந்ததில்லை அது. ஜோகன்னஸ்பர்க் அருகே வால்டர் சிசுலு தாவரவியல் பூங்காப் பாறையில் உள்ள கருங்கழுகுக் கூட்டின் நேரலையைப் பார்ப்பவர்கள் இதற்குத் தயாராகவே உட்காருகிறார்கள். இரண்டாம் முட்டை ஒரு காப்பு முட்டை. முதலாவது கூமுட்டையாகப் போனால், அல்லது முதல் குஞ்சு தேறாமல் போனால், அந்த ஆண்டு வீணாகாமல் இருக்க.

வெண்தலைக் கழுகு இந்த இரண்டுக்கும் நடுவில். இரை தாராளமாக இருந்தால் மூன்றும் பிழைக்கும். குறைந்தால் கடைசியது போகும். முட்டை இடும் நேரத்தில் ஏப்ரல் மாதம் மீன் எப்படிக் கிடைக்கும் என்று தாய்க்குத் தெரியாது. ஆகவே வயிறு நம்பிக்கையோடு இடுகிறது, பருவம் தீர்மானிக்கிறது.

வால்சிறகு

பழையகிளை ஐயா, ஒரு சந்தேகம். நான் இந்த ஆண்டுதான் பார்க்கத் தொடங்கினேன். பொரிந்து நான்கைந்து நாள்தான் இருக்கும், பெரிய குஞ்சு சின்னதன் தலையில் கொத்துகிறது, சின்னது குப்புறப் படுத்துவிடுகிறது. பார்க்கவே முடியவில்லை. அந்தக் குஞ்சு அவ்வளவுதானா?

பழையகிளை

இல்லை, பயப்பட வேண்டாம். வெண்தலைக் கழுகில் முதல் இரண்டு மூன்று வாரம் இந்தக் கொத்து ஏறக்குறைய எல்லாக் கூட்டிலும் உண்டு. பெரும்பாலும் அது யார் முதலில் வாங்குவது என்ற போட்டி. சின்னது குப்புறப் படுப்பது தோல்வி இல்லை, தப்பும் வழி. பணிந்து படுத்தால் பெரியது விட்டுவிடும். பெரியதன் தீனிப்பை நிரம்பியதும் அது தூங்கிவிழும், அப்போது சின்னது எழுந்து தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளும்.

கொத்தை எண்ணாதீர்கள். தீனிப்பையைப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே நெஞ்சில் ஒரு உருண்டை புடைத்திருந்தால் அது சாப்பிட்டிருக்கிறது. நாள் முடிவில் சின்னதற்கும் அந்த உருண்டை தெரிந்தால் கவலை வேண்டாம். இன்னொன்று, நேரலையில் கண்ணில் படும் அரைமணி நேரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பின்னால் ஓட்டி அன்றைய எல்லா ஊட்டலையும் பாருங்கள்.

எல்லா இரைகொல்லிப் பறவைகளும் இப்படிப் போட்டி போடுவதில்லை. கூகைக் கூட்டு நேரலை கிடைத்தால் பாருங்கள். அதிலும் குஞ்சுகள் படிப்படியாகத்தான் பொரிகின்றன, மூத்ததற்கும் கடைசிக்கும் இரண்டு வார வித்தியாசம்கூட இருக்கும். ஆனால் அங்கே மூத்த குஞ்சு தனக்குக் கிடைத்த எலியை இளையதற்குக் கொடுப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இருட்டில், அகச்சிவப்பு ஒளியில், அதைக் கண்ணால் பார்க்கும்போது மனம் நிறைந்துவிடும்.

வால்சிறகு

மிக்க நன்றி ஐயா. இப்போது பின்னால் ஓட்டிப் பார்த்தேன், சின்னதற்கும் உருண்டை தெரிகிறது!

மலைமுகடு

மரமேறும் வேலையோடு பழக்கம் உள்ளவன் என்ற முறையில் ஏறுவதைப் பற்றிச் சொல்கிறேன்.

> ஏன் யாரும் ஏறவில்லை?

பிக் பேர்க் கூடு ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தில், தரையிலிருந்து சுமார் 145 அடி உயரத்தில் இருக்கிறது. பனி பிடித்த பட்டை, இருட்டு, காற்று. அந்த நிலையில் பயிற்சி பெற்றவர்கூட ஏற மாட்டார், ஏறவும் கூடாது. அப்படியே ஏறினார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டின் விளிம்பில் மனிதத் தலை தெரிந்த கணம் தாய் எழுந்து பறந்துவிடும். பொரிந்து பத்து நாள்கூட ஆகாத குஞ்சு தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. உறைபனியில் அது திறந்து கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. ஒரு குஞ்சைக் காப்பாற்றப் போய் மூன்றையும் இழக்கலாம். வளர்ந்த குஞ்சுகள் என்றால் வேறு சிக்கல். சிறகு பாதி முளைத்த நிலையில் மிரண்டு குதித்துவிடும்.

இதனால்தான் கேமராவைப் பொருத்துவதோ பழுது பார்ப்பதோ கழுகுகள் கூடு பக்கம் வராத மாதங்களில் மட்டும் நடக்கிறது. நடுப்பருவத்தில் லென்ஸில் அழுக்கு ஒட்டினால் அந்தப் பருவம் முழுக்க அழுக்கோடுதான் ஓடும். அதற்குக்கூட ஏறுவதில்லை. அமெரிக்காவில் சட்டமும் இருக்கிறது. வெண்தலைக் கழுகைக் காக்கும் சட்டம் 1940லேயே வந்தது. அனுமதியில்லாமல் கழுகைத் தொந்தரவு செய்வது குற்றம், கேமரா வைத்திருப்பவர்களுக்கும் விலக்குக் கிடையாது.

இறங்கி உதவிய கதையும் ஒன்று உண்டு. 2014ல் மின்னசோட்டா மாநில வனவிலங்குத் துறையின் கழுகுக் கேமராவில் ஒரு குஞ்சு எழுந்து நடமாட முடியாமல் கிடந்தது. முதலில் தலையிட மாட்டோம் என்றார்கள். மக்கள் ஆளுநர் அலுவலகம் வரை போன் போட்டுக் கேட்கவே, ஆளை ஏற்றி இறக்கினார்கள். சிறகு மோசமாக முறிந்து, சீழ் பிடித்திருந்தது. குணமாக்க வழியில்லை என்று மருத்துவர்கள் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். ஏறியவர்களையும் நான் குறை சொல்லவில்லை, கேட்டவர்களையும் சொல்லவில்லை. ஏறினால் பிழைத்துவிடும் என்று நாம் நினைப்பது பல நேரம் நடப்பதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அதே துறையின் கேமராவில் 2023 ஏப்ரலில், ஈரப் பனி படிந்த பாரத்தில் கிளை முறிந்து கூடே கீழே விழுந்தது. இருபது ஆண்டுக்கும் மேலாகக் குச்சி சேர்த்துச் சேர்த்துக் கட்டிய கூடு, ஏறக்குறைய 900 கிலோ. உள்ளே இருந்த குஞ்சு இறந்துவிட்டது. இதற்கு யார் என்ன செய்திருக்க முடியும்?

இரவுப்பார்வை

மலைமுகடு அண்ணா, ஏறும் ஆபத்தை நீங்கள் விளக்கிய விதத்தில், புயல் நேரம் பற்றி நான் கேட்டதை விட்டுவிடுகிறேன். அந்தப் பத்து நாள் குஞ்சு விஷயம் எனக்குப் போதும்.

ஆனால் கூடுநோக்கி போட்ட கோட்டின் மறுபக்கத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. 2011 ஏப்ரலில் வர்ஜீனியாவின் நார்ஃபோக் தாவரவியல் தோட்டத்துக் கூட்டின் தாய்க்கழுகு பக்கத்து விமான நிலையத்தில் இறங்கிய விமானத்தில் அடிபட்டு இறந்தது. கூட்டில் மூன்று குஞ்சுகள். தந்தை தனியாக மூன்றுக்கும் இரை தேடி ஊட்டுவது கடினம் என்று முடிவு செய்து, மூன்றையும் இறக்கி, வர்ஜீனிய வனவிலங்கு மையத்தில் வளர்த்து, அதே ஆண்டு பறக்கவிட்டார்கள். கேமரா இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்குமா? இதை வைத்துத்தான் நான் சொல்கிறேன், பார்ப்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு.

கூடுநோக்கி

இரவுப்பார்வை, நார்ஃபோக்கில் செய்தது முழுக்கச் சரி. என் கோடும் அங்கேதான் விழுகிறது. விமானம், தூண்டில் நரம்பு, ஈயம், விஷம் வைத்த எலி, இவையெல்லாம் நாம் கொண்டுபோய்ப் போட்டவை.

ஈயம் பற்றி ஒரு வார்த்தை. வேட்டைக்காரர்கள் மானைச் சுட்டு, குடலைக் காட்டிலேயே விட்டுப் போகிறார்கள். அதில் சிதறிய ஈயத் துகளைக் கழுகு தின்கிறது. 2022ல் வெளியான ஆய்வில் அமெரிக்காவின் 38 மாநிலங்களைச் சேர்ந்த 1,210 கழுகுகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதிக் கழுகுகளின் எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சு இருந்தது. கூட்டில் ஒரு கழுகு தலை தொங்கி, நிற்க முடியாமல் தடுமாறினால் கேமரா நடத்துபவர்கள் சும்மா இருக்கக் கூடாது. இருப்பதும் இல்லை.

இந்த இனம் நம் கண்முன் இருப்பதே அப்படி ஒரு தலையீட்டால்தான். 1963ல் அலாஸ்கா நீங்கலாக அமெரிக்காவில் 417 இணைகள்தான் கூடு கட்டியிருந்தன. டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாகத் தாயின் உடலில் சேர்ந்து, முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு போகாமல் தடுத்தது. அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை நொறுங்கியது. 1972ல் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். 2021ல் வெளியான அரசுக் கணக்கில் அதே பகுதியில் 71,400 இணைகள் கூடு கட்டுவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். யாரும் மரம் ஏறாமல் எவ்வளவு பெரிய உதவி நடந்திருக்கிறது பாருங்கள்.

நீர்க்கரை

எல்லோரும் கழுகு பற்றியே பேசுகிறீர்கள். விரால் அடிப்பான் கூடுகளைக் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் அங்கே இந்தக் கோடு நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

விரால் அடிப்பானுக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம். வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் கயிறு அதற்கு மிகவும் பிடிக்கும். மொன்டானாவில் இந்தக் கயிறு குஞ்சுகளின் காலில் சுற்றி, இறுக்கி, கொன்றுவிடுகிறது. அங்கே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூடுகளுக்கு ஏணி வண்டியில் ஏறிக் கயிற்றை வெட்டி எடுக்கிறார்கள். மிசூலா நகரின் ஹெல்கேட் கூட்டில் ஐரிஸ் என்ற மூத்த பெண் பறவையை நேரலையில் பார்ப்பவர்கள் கயிறு தெரிந்தால் எழுதுகிறார்கள். யாரும் இதைத் தலையீடு என்று எதிர்ப்பதில்லை.

பிரிட்டனில் குஞ்சுகள் ஐந்து ஆறு வாரம் ஆகும்போது ஆள் ஏறி, காலில் வளையம் போட்டு, எடை பார்த்து, திரும்ப வைத்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்துக் குஞ்சுக்கு இடது கால், இங்கிலாந்து, வேல்ஸ் குஞ்சுக்கு வலது கால். அந்த வயதை விட்டால் குதித்துவிடும், அதற்கு முன் கால் தடித்திருக்காது. அதாவது ஏறுவதே தப்பு என்பதில்லை. எப்போது, எதற்காக என்பதுதான்.

விரால் அடிப்பானை பிரிட்டனில் ஒரு காலத்தில் ஒழித்தே விட்டார்கள். 1954ல் ஸ்காட்லாந்தின் லாக் கார்டனில் ஓர் இணை வந்து கூடு கட்டியது. 1958ல் அந்தக் கூட்டிலிருந்து முட்டையைத் திருடினார்கள். அடுத்த ஆண்டே காவல் போட்டு, கூட்டைப் பொதுமக்கள் தூரத்திலிருந்து பார்க்கத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டைத் திருடுவது கடினம் என்ற யோசனை. நேரலைக் கேமராவின் வேலையும் இதேதான் என்று எனக்குத் தோன்றும்.

எப்போதும் பலிப்பதில்லை. 2021 ஏப்ரல் கடைசியில் வட வேல்ஸின் ப்ரெனிக் ஏரியில் இருந்த விரால் அடிப்பான் கூட்டுக் கம்பத்தை இரவோடு இரவாக இயந்திர ரம்பம் வைத்து அறுத்துத் தள்ளினார்கள். அந்தப் பருவத்தின் முதல் முட்டை அப்போதுதான் விழுந்திருந்தது. இப்படி ஒன்றைச் செய்ய எப்படித்தான் கை வருகிறது? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஸ்காட்லாந்தின் லோஸ் ஏரியில் 'லேடி' என்று எல்லோரும் கூப்பிட்ட பெண் பறவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 24 ஆண்டு ஆப்பிரிக்காவிலிருந்து அதே கூட்டுக்குத் திரும்பி வந்து, 50 குஞ்சுகளைப் பறக்கவிட்டாள். 2014தான் அவளைக் கடைசியாகப் பார்த்த ஆண்டு. அடுத்த வசந்தத்தில் வெற்றுக் கூட்டைக் காட்டிக்கொண்டிருந்த நேரலையை எத்தனை பேர் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள்!

சிறகடி

பெயர் வைப்பதுதான் இந்தச் சிக்கலுக்கெல்லாம் வேர் என்று நான் நினைக்கிறேன். பெயர் வைத்ததும் அது பறவை என்பதை மறந்துவிடுகிறோம். "நல்ல அம்மா", "பொறுப்பில்லாத அப்பா" என்று தீர்ப்பு எழுதத் தொடங்குகிறோம்.

மாசசூசெட்ஸில் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் விரால் அடிப்பான் கேமராவுக்கு நடந்தது தெரியுமா? 2014ல் தாய்ப்பறவை குஞ்சுகளைக் கவனிக்கவில்லை, கொத்துகிறது என்று பார்வையாளர்கள் கொதித்தார்கள். குஞ்சுகளை எடுத்துவிடுங்கள் என்று கேட்டு, வசவும் மிரட்டலுமாக எழுதினார்கள். அடுத்த ஆண்டும் அதேதான். கடைசியில் கேமராவையே நிறுத்திவிட்டார்கள். ஒரு பறவைமேல் வைத்த அன்பு அந்தப் பறவையைப் பார்க்கவே முடியாதபடி செய்துவிட்டது. எண் கொடுத்தால் போதும், பெயர் வேண்டாம்.

பழையகிளை

சிறகடி, மிரட்டியவர்களை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் பெயரை எடுத்துவிட்டால் பல ஆண்டுக் கதை கையை விட்டுப் போகும். ஒரே பறவையை ஆண்டுதோறும் அடையாளம் கண்டு தொடர்வதால்தான் சில விஷயங்கள் தெரியவே வருகின்றன.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி மணிக்கூண்டில் ஆனி, க்ரின்னெல் என்ற பொரி வல்லூறு இணை இருந்தது. 2022 மார்ச் 31 அன்று க்ரின்னெல் இறந்து கிடந்தான். ஆனி அப்போது முட்டையோடு இருந்தாள். தனியாக அடைகாத்து, வேட்டையும் ஆடுவது நடக்காத காரியம், எல்லோரும் அந்த ஆண்டைக் கைகழுவிவிட்டார்கள். ஆனால் சில மணி நேரத்திலேயே இன்னொரு ஆண் வந்தான். பின்னால் ஆல்டன் என்று பெயர் வைத்தார்கள். தன்னுடையது இல்லாத முட்டைகள்மேல் உட்கார்ந்து அடைகாத்தான், குஞ்சு பொரிந்ததும் இரை கொண்டுவந்தான். க்ரின்னெல் யார், ஆல்டன் யார் என்று பிரித்து அறியாதவர்களுக்கு இது ஏதோ ஓர் ஆண் உட்கார்ந்திருப்பதாக மட்டுமே தெரிந்திருக்கும்.

கார்னெல் பல்கலைக்கழக விளையாட்டுத் திடலின் விளக்குக் கம்பத்தில் கூடு கட்டும் செவ்வால் பருந்து 'பிக் ரெட்' இன்னொரு உதாரணம். கேமரா 2012ல் வந்தது. 2017ல் இணை எஸ்ரா இறந்தது. அடுத்த ஆண்டு ஆர்தர் என்ற இளம் ஆணோடு மறுபடி குஞ்சு பொரித்தாள். ஆர்தர் முதல் பருவத்தில் எப்படி இரை கொண்டுவந்தான், அடுத்தடுத்த ஆண்டுகளில் எப்படித் தேறினான் என்பதெல்லாம் பார்வையாளர்கள் எழுதி வைத்த குறிப்புகளில் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு நெருக்கமாகப் படித்ததில்லை நான்.

சிறகடி

ஆல்டன் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அடையாளம் வேண்டும், சரி. தீர்ப்புத்தான் வேண்டாம் என்று என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

இரவுப்பார்வை

ஒன்றுமட்டும் பாக்கி. அணைப்பது பற்றி நான் கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லையே?

கூடுநோக்கி

சொல்கிறேன். அணைத்தால் அந்தக் குஞ்சுக்கு ஒன்றும் மாறாது. நமக்குத்தான் தெரியாமல் போகும். குஞ்சு எப்போது, எதனால் போனது என்பது பதிவாகாமல் போனால், அது குளிரா, பசியா, கயிறா, நஞ்சா என்று பிரிக்க முடியாது. நாம் கோடு போடுவதே இந்தப் பிரிப்பை நம்பித்தான். நார்ஃபோக் குஞ்சுகள் பிழைத்ததும், ஹெல்கேட் கயிறு கண்ணில் பட்டதும் கேமரா ஓடிக்கொண்டிருந்ததால். நாம் எதை அணைக்கலாம், எதை அணைக்கக் கூடாது என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது.

குழந்தைகள் விஷயத்தில் உங்கள் பக்கம் நான். வகுப்பறையில் நேரலையை அப்படியே ஓடவிடக் கூடாது. ஆசிரியர் முதல்நாள் பதிவைத் தான் பார்த்துவிட்டு, ஊட்டலும் இறகு கோதலும் உள்ள பகுதியைக் காட்டட்டும். கூட்டில் ஒன்று இறந்திருந்தால் முன்னதாகச் சொல்லிவிட்டுக் காட்டட்டும். திரையில் எச்சரிக்கை போடுவதும் நல்லது, பல கேமராக்காரர்கள் ஏற்கெனவே போடுகிறார்கள்.

இரவுப்பார்வை

காரணத்தைப் பிரித்தறிய வேண்டும் என்றது சரியாகப் படுகிறது. மனம் இன்னும் முழுக்க ஒப்பவில்லை, ஆனாலும் அணைக்கச் சொல்லி இனி எழுத மாட்டேன்.

வால்சிறகு

குறுக்கே ஒரு கேள்வி. இரவில் கூட்டுக்கு விளக்குப் போடுவது பறவைகளைத் தொந்தரவு செய்யாதா? அப்புறம், வடக்கே எல்லாம் ஜூன், ஜூலையில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பார்க்க என்ன இருக்கிறது?

மலைமுகடு

அது அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்குத் தெரியாதது போலவே கழுகு, வல்லூறு கண்ணுக்கும் தெரியாது. அவற்றுக்குக் கூடு கும்மிருட்டுதான், கேமராவுக்கு மட்டும் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது. இரவில் ஒன்றும் நடக்காது என்று மூடிவிடாதீர்கள். அடைகாக்கும் தாய் எழுந்து முட்டையை உருட்டுவதையும், குஞ்சுகள் மத்தியில் நடக்கும்போது நகத்தை உள்ளே மடக்கிக்கொண்டு கைமுட்டி போல ஊன்றி நடப்பதையும் நிதானமாகப் பார்க்க இரவுதான் தோது.

நீர்க்கரை

வடக்கே முடிந்தால் தெற்கே தொடங்கும். சிட்னி ஒலிம்பிக் பூங்காவில் வெண்வயிற்றுக் கடற்கழுகுக் கூட்டு நேரலை இருக்கிறது. பெரும்பாலும் ஜூனில் முட்டை இடும், ஆண்டுக் கடைசியில் குஞ்சு பறக்கும். அங்கே குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் கரவாங் என்ற பறவைகள் கூட்டமாக விரட்டும், அதைப் பார்க்கும்போது இந்த இழையில் பேசியதெல்லாம் திரும்ப வரும். நியூ சவுத் வேல்ஸின் ஆரஞ்சு ஊரில் சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் பொரி வல்லூறு இணை ஒன்று இருக்கிறது. அக்டோபர் தொடக்கத்தில் பொரியும், நவம்பரில் பறக்கும். குஞ்சுகள் ஒரே அளவில் வளர்வதாகப் பழையகிளை சொன்னாரே, அதை அங்கே பார்க்கலாம். நான் முதலில் சிட்னியைத்தான் திறப்பேன். முட்டை விழுந்ததும் இங்கே ஒரு வரி எழுதுகிறேன்.